எடைக்கல்லை எறியச் சொல்பவர்களுக்கு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு தந்தை வந்தார். சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் வார இறுதிகளில் என்னிடம் பைத்தான் நிரல்மொழி கற்க வருகிறாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கைபேசியை நீட்டினார்.

"சார், உலகத்துக்கே சிப்பு செஞ்சு விக்கிற முதலாளி சொல்லுகாரு, இனி பிள்ளைங்க புரோகிராம் படிக்க வேண்டாமாம். எல்லாத்தையும் மெஷினே எழுதிருமாம். பின்ன எதுக்கு இவ வாரம் ரெண்டு நாள் இங்க வந்து லூப்பு எழுதிட்டிருக்கா? அந்த நேரம் கணக்கு டியூஷனுக்காவது போகலாம்லா?"

அவர் மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை. மகளின் காலம் வீணாகக் கூடாது என்ற அக்கறையில் கேட்டார். என் கோபமெல்லாம் அந்த வீடியோவில் பேசியவர் மீதும், அந்தப் பேச்சைச் சலித்துப் பார்க்காமல் ஊரெங்கும் பரப்புகிறவர்கள் மீதும்தான். இந்தக் கட்டுரை அவர்களுக்கான பதில்.

பேசியவர் என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங். இடம் துபாய், 2024 பிப்ரவரியில் நடந்த உலக அரசுகள் உச்சி மாநாடு. அவர் பேச்சின் சாரம் இது: பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இத்தகைய மேடைகளில் ஏறியவர்கள் எல்லாரும் பிள்ளைகள் கணினியியல் கற்க வேண்டும், நிரல் எழுதப் பழக வேண்டும் என்றார்கள். உண்மை ஏறத்தாழ அதற்கு நேரெதிர். யாரும் நிரல் எழுதத் தேவையில்லாதபடி கணினியைச் செய்துவைப்பதே எங்கள் வேலை. இனி நிரல்மொழி என்பது மனிதமொழிதான். உலகத்தில் எல்லாரும் இப்போது நிரலாளர்களே. தொழில்நுட்பம் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிளவு மறைந்துவிட்டது. ஆகவே உயிரியல், உற்பத்தி, வேளாண்மை என்று வேறு துறை அறிவைத் தேடுங்கள்.

இதில் மூன்று வாதங்கள் பின்னிக் கிடக்கின்றன. மனிதமொழியில் சொன்னாலே போதும் என்பது முதலாவது. அடிப்படையில் தொடங்கிப் படிப்படியாக ஒரு நிரல்மொழியைக் கற்பது இனி வீண் என்பது இரண்டாவது. இதனால் எளியவர்களுக்கு நன்மை என்பது மூன்றாவது. முதல் இரண்டும் தவறு. மூன்றாவது தவறு என்பதோடு அநீதியும்கூட.

முதல் வாதத்தை அந்தப் பெண்ணின் நோட்டுப்புத்தகத்தை வைத்தே சோதிக்கலாம். வகுப்பில் நான் கொடுத்த பயிற்சி, தோழிகளின் பெயர்களை அகரவரிசையில் அடுக்குவது. மனிதமொழியில் இதைவிடத் தெளிவாக ஒரு கட்டளையைச் சொல்ல முடியாது. பைத்தானிலும் அதற்கு ஒரே சொல்தான். அவள் எழுதி ஓட்டினாள். கனகம் முன்னால் வந்தது, கமலம் பின்னால் போனது. அவள் திரையைப் பார்த்த மாத்திரத்தில், "சார், தப்பு. றன்னகரம் கடைசி எழுத்துல்லா? கமலம்தான் முதல்ல வரணும்" என்றாள்.

ஏன் அப்படி வந்தது? ஒவ்வோர் எழுத்தையும் கணினி ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. யூனிகோடு அட்டவணையில் றன்னகரத்தின் இடம் நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன்னால். றகரத்தின் இடம் ரகரத்தை ஒட்டி. நம் நெடுங்கணக்கிலோ றகரமும் றன்னகரமும் வரிசையின் கடைசி. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் அட்டவணையில் தனி எண் உண்டு. அது எழுத்துகளையெல்லாம் தாண்டிப் பின்னால் இருக்கிறது. அதனால் அகராதியில் 'பகல்' என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கும் 'பக்கம்' கணினியின் வரிசையில் பின்னால் தள்ளப்படுகிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் பைத்தான் 5 என்கிறது. படிப்பவருக்கு அது 3 எழுத்து. யூடிஎஃப்-8 வடிவில் சேமித்தால் அதுவே 15 பைட். மூன்றும் சரியான விடைகள்தாம். எந்தக் கேள்விக்கு எது விடை என்று பிரித்தறிவதைத்தான் நாங்கள் அடிப்படை என்கிறோம்.

செயற்கை நுண்ணறிவுக்குத் தமிழ் வரிசை தெரியாதா என்று கேட்பார்கள். தெரியும். கேட்டால் சொல்லும், எழுதியும் தரும். ஆனால் அதைக் கேட்டாக வேண்டும் என்பது முதலில் கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுத்து எண்ணாக உட்கார்ந்திருக்கிறது என்று அறியாதவர், 'அகரவரிசையில் அடுக்கு' என்று மட்டும் சொல்லுவார், வந்ததை வாங்கிக்கொள்ளுவார். எட்டுப் பெயர்களில் கண்ணில் படும் பிழை எண்ணூறு பெயர்களில் படாது. அது அப்படியே அச்சுக்குப் போகும், தேர்வுப் பட்டியலாகும், விருதுப் பட்டியலாகும். அந்தப் பெண் பிழையைக் கண்டுபிடித்ததற்கு அவளுடைய தமிழ் காரணம். பிழை எங்கிருந்து வந்தது என்று அவள் தேடிப் போனதற்கு நிரல் கற்றது காரணம். இந்த இரண்டில் ஒன்றை அவளிடமிருந்து எடுத்துவிடச் சொல்கிறார் ஹுவாங்.

மனிதமொழியின் இயல்பே நெகிழ்வுதான். 'ரெண்டு நாள் கழிச்சு வா' என்று கடன்காரரிடம் சொன்னால் அது நாளை மறுநாளா, அதற்கும் அடுத்த நாளா என்பதில் ஒரு நாள் சண்டை போடலாம். பேச்சில் அந்த நெகிழ்வு நம்மைக் காப்பாற்றுகிறது. சம்பளக் கணக்கிலும் மருந்தளவிலும் அதே நெகிழ்வு ஆளைக் கவிழ்க்கும். நெதர்லாந்தின் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, மனிதமொழியில் நிரல் எழுதும் ஆசை எவ்வளவு மடமை என்பதைப் பற்றி 1970களின் இறுதியிலேயே தனியாக ஒரு குறிப்பு எழுதினார். கணிதம் தனக்கென்று குறியீடுகளைக் கண்டடைந்த பிறகுதான், ஒரு காலத்தில் மேதைகளுக்கு மட்டுமே கைவந்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் செய்யத் தொடங்கினார்கள் என்று அதில் சுட்டிக்காட்டினார். குறியீட்டு மொழியைச் சுமை என்று எண்ணாதீர்கள், அது நமக்குக் கிடைத்த பேறு என்பது அவர் கட்சி. இந்த வாதத்துக்கு ஹுவாங்கின் பேச்சில் பதில் இல்லை. இப்படியொரு வாதம் இருப்பதற்கான தடயம்கூட இல்லை.

நிரலாளருக்கு முடிவு கட்டும் அறிவிப்பு புதியதும் அல்ல. 1954இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழியின் முன்வரைவை வெளியிட்டபோது, இது வந்தால் நிரல் எழுதுவதும் பிழை திருத்துவதும் அநேகமாக ஒழிந்துவிடும் என்றார்கள். 1960இல் கோபோல் வந்தபோது, ஆங்கில வாக்கியம் போலவே இருப்பதால் மேலாளர்களே படித்துப் புரிந்துகொள்ளலாம் என்றார்கள். 1981இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த ஒரு மென்பொருளின் பெயரே 'தி லாஸ்ட் ஒன்'. இதற்குப் பிறகு யாரும் நிரல் எழுத வேண்டியிருக்காது என்ற நம்பிக்கையில் வைத்த பெயர். அந்த மென்பொருள் இன்று யார் நினைவிலும் இல்லை. ஃபோர்ட்ரான் வானிலைக் கணிப்பிலும் கோபோல் வங்கிகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன; இரண்டையும் பழுது பார்க்கத் தெரிந்தவர்களைத் தேடி அலைகிறார்கள். ஒவ்வொரு முறையும் கைவேலை குறைந்தது. என்ன வேண்டும் என்பதை ஓட்டையில்லாமல் வரையறுக்கும் வேலை குறையவே இல்லை. எழுபது ஆண்டுகளாகப் பொய்த்துவரும் ஒரு சோதிடத்தை, இந்த முறை பலிக்கும் என்று சொல்லுகிறவர் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். உச்சி மாநாட்டு மேடையும் கைதட்டலும் காரணம் ஆகா.

இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். அடிப்படை என்பது சிறுவர் சமாச்சாரம், அதைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி பார்த்துக்கொள்ளும், நாம் நேரே மேல்தளத்துக்குப் போய்விடலாம் என்ற நினைப்பு இது. இதைத் திருவனந்தபுரத்தில் நின்று சொல்ல ஒருவருக்குக் கூச்சம் வேண்டும். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏறிய ஊர் இது. ராக்கெட் எதனால் விழும் என்று இங்கே பலருக்குத் தெரியும்.

1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 40 வினாடிகளில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், பாதை பிறழ்ந்து வெடித்துச் சிதறியது. விசாரணையில் தெரியவந்த காரணம் ஓர் எண்மாற்றம். 64 பிட்டில் வைத்திருந்த ஒரு தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றினார்கள். குறியுடன் கூடிய 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. வந்த எண் அதைவிடப் பெரியது. அந்த நிரல் முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4இலிருந்து எடுத்து வைத்தது. அங்கே அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர வாய்ப்பில்லை, இங்கே வளர்ந்தது. எண்ணுக்கு வகை உண்டு, வகைக்கு எல்லை உண்டு என்பது நிரலாக்க வகுப்பின் முதல் வாரப் பாடம். வேறிடத்தில் வேலை செய்த நிரலை, அது எந்த நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது என்று பார்க்காமல் எடுத்துப் பொருத்தினால் என்ன ஆகும் என்பது அந்த 40 வினாடிகள் சொல்லும் பாடம். கருவி எழுதித் தரும் ஒவ்வொரு நிரலும் வேறிடத்தில் வேலை செய்த நிரல்களின் சாயலில் எழுந்ததுதான். அதைச் சோதிக்கும் கண் இல்லாமல் ஒரு தலைமுறையை வளர்க்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரிசையாக அடுக்கிய பட்டியலில் நடுவில் திறந்து பார்த்து, பாதியைத் தள்ளிவிட்டு, மீதியில் மறுபடி நடுவைப் பார்ப்பது இருமத் தேடல். அகராதியில் சொல் தேடுகிற எல்லாரும் செய்வதுதான். ஜாவா மொழியின் நூலகத்தில் அதை எழுதிய ஜோஷுவா ப்ளாக், அதில் ஒரு பிழை இருப்பதாக 2006இல் அவரே அறிவித்தார். இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும் வரி அது. பட்டியல் மிகப் பெரிதானால் கூட்டுத்தொகை எல்லை மீறி எதிர்மறை எண்ணாகிவிடும். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. எழுதியவர் உலகின் தேர்ந்த நிரலாளர்களில் ஒருவர். அவரையே கூட்டலும் வகுத்தலும் திரும்ப அழைத்துப் பாடம் நடத்தின. அடிப்படையை ஒரு முறை கடந்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தத் தொழிலை வெளியிலிருந்து பார்த்தவர்கள்.

என் வகுப்புக்கு வந்த ஒரு கல்லூரி மாணவனின் கதை இதைவிடச் சிறியது, ஆனால் அன்றாடமானது. உறவினர் கடைக்காக பில் போடும் நிரல் ஒன்றைச் செய்திருந்தான். கருவி எழுதிக் கொடுத்த துண்டுகளையும் தான் எழுதியதையும் சேர்த்து ஒட்டியிருந்தான். காலையில் முதல் வாடிக்கையாளரின் பில் சரியாக வந்தது. இரண்டாமவரின் பில்லில் முதலாமவர் வாங்கிய அரிசியும் பருப்பும் சேர்ந்து வந்தன. கருவியிடம் பிழையைச் சொல்லிச் சொல்லி இரண்டு இரவு போராடினான். அது ஒவ்வொரு முறையும் வேறு எதையோ மாற்றித் தந்தது. நிரல் 40 வரியிலிருந்து 200 வரியானது; பிழை அப்படியே இருந்தது.

காரணம் ஒரே வரி. ஃபங்ஷனின் தலைப்பிலேயே காலிப் பட்டியல் ஒன்றை இயல்பு மதிப்பாகக் கொடுத்திருந்தான். பைத்தானில் அந்தப் பட்டியல் ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறைதான் பிறக்கிறது. ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் புதிதாகப் பிறப்பதில்லை. எல்லா வாடிக்கையாளரும் ஒரே பையில் பொருள் போட்டுக்கொண்டிருந்தார்கள். இதைப் புரிந்துகொள்ள உயர்கல்வி வேண்டாம். பைத்தானில் மாறி என்பது பொருளை அடைத்து வைக்கும் பெட்டியாக இருப்பதில்லை, பொருளின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டாக இருக்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு சீட்டு ஒட்டலாம் என்ற முதல் மாதப் பாடம் போதும். அதை அவன் தாண்டிக் குதித்து வந்திருந்தான். அவனுடைய அறிவில் எந்தக் குறையும் இல்லை. 'அடிப்படையில் நேரத்தை வீணாக்காதே' என்று அவனுக்குச் சொன்ன குரல்களின் குறை அது.

உயர்நிலை நுட்பங்கள் என்று எதைச் சொல்கிறோமோ அவையெல்லாம் இந்த முதல் பாடங்கள் வளர்ந்த வடிவங்களே. ஃபங்ஷனும் ஓர் எண்ணைப் போல, ஒரு சொல்லைப் போல கைமாற்றிக் கொடுக்கக்கூடிய பொருள்தான் என்று புரிந்தவருக்கு டெக்கரேட்டர் அரை மணி நேரப் பாடம். புரியாதவருக்கு அது மனப்பாடம் செய்யும் மந்திரம். லூப் எப்படி ஒவ்வோர் உருப்படியாகக் கேட்டு வாங்குகிறது என்று கவனித்தவருக்கு ஜெனரேட்டர் தானாகத் திறக்கும். பத்து லட்சம் வரியுள்ள கோப்பை நினைவகத்தில் மொத்தமாக அள்ளாமல் வரி வரியாக வாங்கிக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்தை நினைவில் வைத்து நிற்கும் ஃபங்ஷன் அது. அப்படி நின்று தொடரும் ஃபங்ஷன் பிடிபட்டால், 2015இல் பைத்தான் 3.5 கொண்டுவந்த அசிங்க்-அவெயிட் எழுத்துமுறையும் பிடிபடும். ஒன்றின் தோளில் ஒன்று நிற்கிறது. கீழே நிற்பவரை எடுத்துவிட்டு மேலே நிற்பவரை மட்டும் வைத்துக்கொள்ளும் வித்தையை யாரும் இதுவரை செய்து காட்டவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு கூட்டத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். 'முப்பது நாளில் அடிமுதல் நுனிவரை' என்று விளம்பரம் செய்யும் பயிற்சி வியாபாரம். ஹுவாங் படிக்கவே வேண்டாம் என்கிறார். இவர்கள் படிக்கலாம், ஆனால் நேரம் ஆகாது என்கிறார்கள். இரண்டும் ஒரே பொய்யின் இரண்டு முகங்கள். கற்பதற்குக் காலம் வேண்டும் என்பதை இரண்டு பேருமே மறைக்கிறார்கள். கூகுளில் ஆய்வுத் தலைமையில் இருந்த பீட்டர் நார்விக், நிரலாக்கத்தைக் கற்பதற்குப் பத்தாண்டு ஆகும் என்று ஒரு கட்டுரையே எழுதினார். எழுதி, தவறி, பிறர் நிரலைப் படித்து, தன் நிரலைப் பிறர் பழிக்கக் கேட்டு, மறுபடி எழுதிப் பெறும் பத்தாண்டு அது. பெற்றோர்களிடம் நான் அதைத்தான் சொல்லி வருகிறேன். உண்மையைச் சொல்வதால் சேர்க்கை குறையும் என்றால் குறையட்டும்.

மூன்றாவது வாதம்தான் என்னை எழுத வைத்தது. பிளவு மறைந்துவிட்டதாம்; இனி எல்லாரும் நிரலாளராம். யாருடைய மொழியை மனிதமொழி என்கிறார்? இந்தக் கருவிகள் உரையைத் துண்டுகளாக உடைத்து வாங்குகின்றன. பயன்பாட்டுக்கான கட்டணமும் பெரும்பாலும் அந்தத் துண்டுகளின் கணக்கில்தான். ஒரே செய்தியைத் தமிழில் எழுதினால் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைகிறது. சில கருவிகளில் பல மடங்கு. அவை கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி ஆங்கிலம் என்பதால், தமிழில் கேட்கும் கேள்விக்குக் கிடைக்கும் விடையின் தரமும் பெரும்பாலும் ஒரு படி கீழேதான். இங்கே தமிழ்வழி படிக்கும் பெண்ணும் கலிஃபோர்னியாவில் ஆங்கிலவழி படிக்கும் பையனும் சமமாகிவிட்டார்கள் என்று ஒருவர் மேடையில் சொன்னால், அது தெரியாமல் சொன்ன சொல்லாகவோ தெரிந்தே மறைத்த சொல்லாகவோ மட்டுமே இருக்க முடியும். நிரல்மொழியோ அவர்கள் இருவருக்கும் புதிது. லூப்பும் டிக்ஷனரியும் இருவருக்கும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. 2008இல் வந்த பைத்தான் 3, மாறிகளின் பெயரைத் தமிழிலேயே எழுத இடம் கொடுத்தது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்', தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் மொழி. உண்மையான சமத்துவத்துக்கு நெருக்கமான வழி இங்கே இருக்கிறது.

இந்த ஊர் இதை முன்பே உணர்ந்திருந்தது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா, டெக்னோபார்க், 1990இல் கழக்கூட்டத்தில் எழுந்தது. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இங்கே வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் கேரளத்தில் தொடங்கிய பள்ளித் தகவல்தொழில்நுட்பத் திட்டம் அடுத்த சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017இல் அது பூஜப்புரையில் தலைமையகம் கொண்ட கைட் என்ற அரசு நிறுவனமானது. 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினி மன்றங்கள் இன்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளில் உள்ளன. இங்கே பள்ளிப் பாடநூல்களிலேயே பைத்தான் உண்டு. 2024இல் ஏழாம் வகுப்புக்குச் செயற்கை நுண்ணறிவும் வந்தது. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் 2024 பாடத்திட்டத்தில் முதல் பருவ மாணவர்களுக்கு பைத்தான் வழியாக அல்காரிதம் சிந்தனையை வைத்திருக்கிறது. ஓர் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் கணினியின் மூடியைத் திறந்து உள்ளே பார்க்க உரிமை உண்டு என்ற நம்பிக்கையில் கால் நூற்றாண்டாகக் கட்டிய கட்டடம் இது. ஹுவாங்கின் அறிவுரையைக் கேட்டால் முதலில் இடிவது இந்தக் கட்டடம்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் எப்படியும் கற்பார்கள். பலசரக்குக் கடைக்காரர் மகளைத்தான் வகுப்பிலிருந்து நிறுத்துவார்கள்.

அறிவுரை சொன்னவரின் சொந்த வீட்டையும் பார்க்க வேண்டும். ஹுவாங் மின்பொறியியல் படித்தவர். அவருடைய நிறுவனத்தை இன்றைய உயரத்துக்குக் கொண்டுவந்ததில் சிப்புக்கு நிகரான பங்கு 2006இல் அறிவித்த கூடா என்ற நிரலாக்கத் தளத்துக்கு உண்டு. நினைவகம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே நேரத்தில் எப்படி ஓடுகின்றன என்று அடிமுதல் அறிந்த நிரலாளர்கள் எழுதியது அது. அத்தகையவர்களை அந்த நிறுவனம் இன்றும் வேலைக்கு எடுக்கிறது. தன் வாசலில் தேர்ந்த நிரலாளர்களைத் தேடி நிற்பவர், உலகத்தின் பிள்ளைகளிடம் போய் அந்தக் கல்வி வேண்டாம் என்று சொல்வது அறமாகாது.

அவர் பேச்சில் ஏற்கத்தக்கது எதுவும் இல்லையா? உண்டு. உயிரியலும் வேளாண்மையும் அறிந்தவர் கையில் கணினி வலிமை பெறுகிறது என்பது மெய். தொடக்கநிலை நிரலாக்க வேலைகள் சுருங்கும் என்ற அச்சமும் வெறும் பூச்சாண்டி என்று நான் தள்ளவில்லை. ஆனால் முதலில் சுருங்குவது, எங்கிருந்தோ எடுத்து ஒட்டும் வேலை. அதை மட்டுமே கற்றவருக்கு ஆபத்து. அதற்கு மருந்து ஆழமாகக் கற்பது. கற்பதை நிறுத்துவது நோயை வளர்ப்பது. என் வகுப்பிலும் கருவிகளுக்குத் தடை இல்லை. இரண்டு விதிகள் உண்டு. கருவி எழுதித் தந்த ஒவ்வொரு வரியும் எதற்கு என்று சொல்ல வேண்டும். ஒரு வரியை நான் மாற்றினால் என்ன விடை வரும் என்று ஓட்டுவதற்கு முன்பே எழுதிக்காட்ட வேண்டும். இரண்டையும் செய்கிறவர் கருவியை ஆளலாம். செய்ய முடியாதவரைக் கருவி ஆளும்.

அன்று அந்தத் தந்தையிடம் இத்தனையும் நான் சொல்லவில்லை. ஒன்றைத்தான் கேட்டேன்.

"அண்ணாச்சி, உங்க கடைத் தராசு இப்ப கரண்டுல ஓடுறதுதானே?"

"ஆமா சார்."

"அப்புறம் ஏன் அந்த ஒரு கிலோ இரும்புக் கல்ல இன்னும் வெச்சிருக்கீங்க?"

"காலையில கடை தொறந்ததும் கல்லத் தூக்கித் தட்டுல வெச்சுப் பாப்பேன் சார். மெஷின் சரியாக் காட்டுதான்னு தெரியாண்டாமா? தப்பாக் காட்டுனா ஒண்ணு நமக்கு நட்டம், இல்லேன்னா வாங்குறவன் வயித்தெரிச்சல்."

"உங்க மக இங்க வந்து அந்தக் கல்லத்தான் வாங்கிட்டுப் போறா."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மகள் நெடுங்கணக்கு வரிசையைத் தானே நிரலாக எழுதிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தபடி பாயில் உட்கார்ந்தார்.

தராசு எவ்வளவு நுட்பமானதாக ஆனாலும், அதைச் சோதிக்கும் கல் வாங்குகிறவர் கையிலும் விற்கிறவர் கையிலும் இருந்தாக வேண்டும். பெற்றோர்களே, அந்தக் கல் இனி வேண்டாம், எறிந்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால், சொல்பவர் யார் என்று ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். அவர் தராசு விற்பவர்.